எடை குறைந்த லிமிடெட் எடிஷன் ஸ்போர்ட்ஸ் கார்: சாலைக்கு எது, ரேஸ் டிராக்குக்கு எது?

2021-ம் ஆண்டு தொடக்கத்தில் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் ஒரே நேரத்தில் ஐந்து கார்களை அறிவித்தது. ஐந்தின் பெயரிலும் 'ஃபைனல் எடிஷன்' என்ற வால் இருந்தது. எலீஸ், எக்ஸிஜ் ஆகிய இரண்டு மாடல்களும் அந்த ஆண்டோடு நிறுத்தப்படுகின்றன, இதுதான் கடைசி வாய்ப்பு என்பது சேதி. விலை 45,500 பவுண்டில் தொடங்கி 1,00,600 பவுண்டு வரை போனது. அன்றைய மதிப்பில், வரி எதுவும் சேராமல், சுமார் 45 லட்சம் ரூபாயில் இருந்து ஒரு கோடி வரை.

ஐந்துமே இரண்டு பேர் உட்காரும் கார்கள். ஐந்துமே சாலையில் ஓட்ட அனுமதி உள்ளவை. ஐந்தையும் ரேஸ் டிராக்குக்கும் எடுத்துப் போகலாம். அப்படியானால் விலையில் ஏன் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்? அதிக விலை கொடுத்தவருக்கு நல்ல கார் கிடைத்ததா? லோட்டஸ் மட்டுமல்ல, போர்ஷே, ஆல்பைன், கேட்டர்ஹாம் என்று இந்த வகைக் கார் எதை வாங்கப் போனாலும் இதே குழப்பம்தான்.

எடையைக் குறைப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

லோட்டஸை உருவாக்கிய காலின் சாப்மேன், எஞ்சினைப் பெரிதாக்குவதை விட காரை இலேசாக்குவதே புத்திசாலித்தனம் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையின் கடைசிப் பெரிய பிள்ளை எலீஸ். 1996-ல் விற்பனைக்கு வந்தபோது மொத்தக் காரும் சுமார் 725 கிலோதான். அலுமினியத் துண்டுகளை வெல்டிங் செய்யாமல், பசை போட்டு ஒட்டிய அதன் சேஸிஸ் வெறும் 68 கிலோ. ஒரு ஆள் எடை என்றே வைத்துக்கொள்ளலாம். அன்று லோட்டஸ் தலைவராக இருந்த ரோமானோ ஆர்டியோலி தன் பேத்தி எலிசாவின் நினைவாக வைத்த பெயர்தான் எலீஸ்.

எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். டிராக்கில் உண்மையான லாபம் பிரேக்கில்தான். ஒரு காரை நிறுத்தும்போது அதன் ஓட்டச் சக்தி முழுவதும் பிரேக்கில் சூடாக மாறுகிறது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வரும் 1,415 கிலோ காரையும், அதே வேகத்தில் வரும் 931 கிலோ காரையும் எடுத்துக்கொண்டால், இரண்டாவது காரின் பிரேக் தாங்க வேண்டிய சூடு மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஒரு சுற்றில் பத்து முறை பிரேக் பிடித்து, அப்படிப் பதினைந்து சுற்று ஓட்டும்போதுதான் இது புரியும். கனமான காரின் பிரேக் மிதி மெதுவாக உள்ளே போக ஆரம்பிக்கும் நேரத்தில், இலேசான கார் இன்னும் தெம்பாக இருக்கும். டயர் தேய்வதிலும் இதே கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் வரும் எடையை அப்படியே நம்ப வேண்டாம். சில நிறுவனங்கள் எண்ணெய், தண்ணீர், பெட்ரோல் எதுவும் இல்லாத 'டிரை' எடையைச் சொல்லும். சில நிறுவனங்கள் பெட்ரோல் நிரப்பிய எடையைச் சொல்லும். ஐரோப்பிய முறையில் ஓட்டுநருக்கு என்று 75 கிலோவும் சேரும். இரண்டு காரை ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே முறையில் எடை போடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, குறைந்த எடை பெரும்பாலும் கூடுதல் காசு கொடுத்தால்தான் கிடைக்கும். எலீஸ் ஸ்போர்ட் 240 ஃபைனல் எடிஷனின் எடை 922 கிலோ. லித்தியம் பேட்டரி, பாலிகார்பனேட் பின்கண்ணாடி, சில கார்பன் பாகங்கள் என்று தனியாக வாங்கிப் பூட்டினால் 898 கிலோ.

ஐந்து லோட்டஸ், இரண்டு குடும்பம்

எலீஸ் குடும்பத்தில் இரண்டு. ஸ்போர்ட் 240, கப் 250. இரண்டிலும் சூப்பர்சார்ஜர் வைத்த 1.8 லிட்டர் டொயோட்டா எஞ்சின். சக்தி முறையே 240 ஹெச்.பி., 245 ஹெச்.பி. விலை 45,500 பவுண்டு, 50,900 பவுண்டு. வெறும் 5 ஹெச்.பி.க்காக யாரும் 5,400 பவுண்டு கூடுதலாகத் தர மாட்டார்கள். கப் 250 வாங்குபவர் காசு கொடுப்பது பின்னால் இருக்கும் பெரிய விங், முன்னால் இருக்கும் ஸ்ப்ளிட்டர், இறுக்கமான ஷாக் அப்சார்பர் ஆகியவற்றுக்கு.

எக்ஸிஜ் குடும்பத்தில் மூன்று. ஸ்போர்ட் 390, ஸ்போர்ட் 420, கப் 430. மூன்றிலும் சூப்பர்சார்ஜர் வைத்த 3.5 லிட்டர் வி6 எஞ்சின், இதுவும் டொயோட்டாவிடம் இருந்து வந்ததுதான். விலை 64,000, 79,900, 1,00,600 பவுண்டு. 390-ன் எடை 1,138 கிலோ. மற்ற இரண்டும் 1,110 கிலோ.

இதில் 420-ம் 430-ம்தான் சுவாரஸ்யமான ஜோடி. எடை ஒன்றே. சக்தியில் 10 ஹெச்.பி. மட்டுமே வித்தியாசம். விலையில் 20,700 பவுண்டு வித்தியாசம். அதிக விலை உள்ள கப் 430-ன் உச்ச வேகம் மணிக்கு 280 கி.மீ. விலை குறைந்த ஸ்போர்ட் 420-க்கு 290 கி.மீ. காசு அதிகம் கொடுத்து மெதுவான காரா? நேர்ச் சாலையில் பார்த்தால் ஆமாம். கப் 430-ன் விங் காற்றைத் தடுத்து, காரைத் தரையோடு அழுத்துகிறது. உச்ச வேகத்தில் 171 கிலோ அழுத்தம். வளைவில் டயர் வழுக்காமல் பிடிப்பதற்கு அது உதவும், நேர்க்கோட்டில் அதுவே சுமை.

அந்த பெரிய விங் சாலையில் என்ன செய்யும்?

கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. இதைக் கணக்கிலேயே காட்டலாம்.

எலீஸ் கப் 250 மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் போனால் காற்று அதை 66 கிலோ எடையால் அழுத்துகிறது. உச்ச வேகமான 248 கி.மீ.யில் அது 155 கிலோ ஆகிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். பிரிட்டன் மோட்டார்வேயின் வேக வரம்பு மணிக்கு 112 கி.மீ. அந்த வேகத்தில் இதே விங்கின் அழுத்தம் சுமார் 32 கிலோ. ஊருக்குள் 50 கி.மீ.யில் போகும்போது சுமார் 6 கிலோ. ஒரு பள்ளிப் பையை டிக்கியில் வைத்த மாதிரி. அவ்வளவுதான்.

ஆனால் சாலையில் அந்த விங்குக்கான விலையை வேறு வழியில் கொடுக்க வேண்டியிருக்கும். அழுத்தத்தைத் தாங்க ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான சஸ்பென்ஷன் குண்டும் குழியுமான கிராமத்துச் சாலையில் டயரைத் தரையில் இருந்து துள்ள வைக்கும். துள்ளும் டயருக்குப் பிடிமானம் இல்லை. டிராக்கில் பாதுகாப்பு தருகிற அதே அமைப்பு, மேடு பள்ளச் சாலையில் காரை பயமுறுத்தும் பொருளாக்கிவிடும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்ப்ளிட்டர் வேகத்தடையில் உரசும் என்பது தனிக் கதை.

டயர் விஷயத்திலும் இப்படித்தான். இந்த வகைக் கார்களில் யோகஹாமா ஏ052, மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 மாதிரியான டயர்கள் வரும். சட்டப்படி இவை சாலை டயர்கள்தான். ஆனால் பட்டன் ஆழம் குறைவு, ரப்பர் மென்மை அதிகம். சூடேறினால் பசை மாதிரி ஒட்டும். பனிக்காலக் காலையில், தண்ணீர் தேங்கிய சாலையில், அதே டயர் வழுக்கும். வருடம் முழுவதும் காரை ஓட்டப் போகிறவர் சாதாரண ஸ்போர்ட்ஸ் டயர் ஒரு செட் தனியாக வாங்கி வைப்பது நல்லது. டிராக் டயரை கராஜில் வைத்துவிட்டு டிராக் டே அன்று மட்டும் மாட்டலாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

அப்போ எதை வாங்கலாம்?

வருடத்தில் இரண்டு மூன்று நாள் டிராக், மீதி நாள் சாலை என்றால் எலீஸ் ஸ்போர்ட் 240 அல்லது எக்ஸிஜ் ஸ்போர்ட் 390 போதும். கடைசி இலக்கம் பெரிதாக இருக்கும் காரைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

மாதம் ஒரு டிராக் டே போகிறவர், வேகமான வளைவுகள் உள்ள டிராக்குக்குப் போகிறவர், கார் செட்டிங்கை மாற்றிப் பார்க்கும் பொறுமை உள்ளவர் என்றால் கப் வகை பொருத்தம். நடுவில் நிற்பவருக்கு எக்ஸிஜ் ஸ்போர்ட் 420 நல்ல தேர்வு. கப் 430-க்கும் அதற்கும் உள்ள 20,700 பவுண்டில் பல வருடத்துக்கான டயரும் பிரேக் பேடும் டிராக் டே கட்டணமும் வந்துவிடும். காரை ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சியாளருக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கினால், சுற்று நேரத்தில் அந்த 10 ஹெச்.பி. தருவதை விட அதிகமாகவே குறையும்.

இன்னும் தீவிரமானவை உண்டு. லோட்டஸ் 2015-ல் அறிமுகப்படுத்திய 3-இலெவன் காருக்குக் கூரை கிடையாது, முன் கண்ணாடியும் கிடையாது. திட்டமிட்ட எண்ணிக்கை 311. 'ரோடு', 'ரேஸ்' என்று இரண்டு வகை. ரோடு வகைக்கு 410 ஹெச்.பி. பெயரில்தான் ரோடு, மழை வந்தால் நனைய வேண்டியதுதான். ஹெல்மெட் போடாமல் நெடுஞ்சாலையில் ஓட்டினால் முகத்தில் பூச்சி அடிக்கும். வேறொரு கார் வீட்டில் இருப்பவர் மட்டுமே இதை யோசிக்கலாம்.

எதிர்த் திசையில் ஒரு நல்ல உதாரணம் கேட்டர்ஹாம் செவன் 170. 1957-ல் வந்த லோட்டஸ் செவன்தான் இதன் மூதாதை. 1973-ல் அந்த உரிமையைக் கேட்டர்ஹாம் வாங்கியது. செவன் 170-ல் இருப்பது சுசுகியின் 660 சிசி டர்போ எஞ்சின், சக்தி 84 ஹெச்.பி.தான். ஆனால் எடை 440 கிலோ. எண்ணைப் பார்த்தால் சின்னப் பையன் மாதிரி தெரியும். சட்ட வரம்புக்குள் போகும் வேகத்திலேயே ஓட்டுகிற சுகம் கிடைக்கும் என்பதுதான் இதன் பலம். லைசென்ஸுக்கும் ஆபத்தில்லை. இதிலும் 170எஸ், 170ஆர் என்று இரண்டு. எஸ் வகை சாலைக்கு: கண்ணாடி, துணிக்கூரை, ஹீட்டர், கொஞ்சம் மென்மையான சஸ்பென்ஷன். ஆர் வகை டிராக்குக்கு: ரேஸ் சீட், நான்கு முனை பெல்ட், வளைவில் பின்சக்கரம் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்.

அந்த நான்கு முனை, ஆறு முனை பெல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிராக்கில் உடம்பை அசையாமல் பிடிக்கும். சாலைச் சந்திப்பில் முன்னால் குனிந்து எட்டிப் பார்க்க விடாது. வாங்குபவர்கள் டெஸ்ட் டிரைவில் இதைக் கவனிப்பதே இல்லை. சாதாரண பெல்ட்டும் சேர்ந்து கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சு ஆல்பைன் ஏ110 ஆர் 1,082 கிலோ, 300 குதிரைத்திறன். எடை குறைக்கவும் காற்றோட்டத்துக்காகவும் பின்கண்ணாடியை எடுத்துவிட்டு கார்பன் மூடி போட்டார்கள். நடுக் கண்ணாடியில் பார்க்க எதுவும் இல்லை. போர்ஷே 718 கேமன் ஜிடி4 ஆர்எஸ் 1,415 கிலோ, 500 குதிரைத்திறன், 911 ஜிடி3-ல் இருக்கும் 4 லிட்டர் எஞ்சின் 9,000 சுற்று வரை போகும். எஞ்சின் காற்றை உறிஞ்சும் துவாரம் ஓட்டுநரின் காதுக்குப் பின்னால், பக்கக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ரசிகர்களுக்கு அது சங்கீதம். மூன்று மணி நேர மோட்டார்வே பயணத்தில் தலைவலி.

'லிமிடெட்' என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2016-ல் போர்ஷே 911 ஆர் என்ற காரை வெளியிட்டது. மொத்தம் 991 கார்கள். 1,370 கிலோ, அன்றைய 911 ஜிடி3 ஆர்எஸ்ஸை விட 50 கிலோ குறைவு. மெக்னீசியம் கூரை, கார்பன் பானெட், பின் சீட் இல்லை, பெரிய விங் இல்லை, கையால் மாற்றும் ஆறு கியர். அந்தத் தலைமுறையில் ஜிடி3, ஜிடி3 ஆர்எஸ் இரண்டும் தானியங்கி கியருடன் மட்டுமே வந்திருந்ததால், கியர் போட்டு ஓட்ட ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் இதன் மேல் பாய்ந்தார்கள். அசல் விலையைப் போலப் பல மடங்கு கேட்டு விளம்பரங்கள் வந்தன.

அடுத்த ஆண்டே போர்ஷே 911 ஜிடி3-க்கு மேனுவல் கியர் கொடுத்தது. 'டூரிங் பேக்கேஜ்' என்ற பெயரில் விங் இல்லாத வகையும் வந்தது. எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஓட்டும் அனுபவம் கிட்டத்தட்ட அதுவேதான். உச்சத்தில் காசைப் போட்டு 911 ஆர் வாங்கியவர்களின் கணக்கு இறங்கியது. 911 ஆர் மோசமான கார் என்பதால் இல்லை. கார்களின் எண்ணிக்கைக்குத்தான் வரம்பு இருந்தது, அந்த அனுபவத்துக்கு யாரும் வரம்பு போடவில்லை.

2023-ல் 911 எஸ்/டி வந்தபோது போர்ஷே வேறு பாடம் படித்திருந்தது. 1,963 கார்கள், 1,380 கிலோ. அமெரிக்காவில் வாங்குபவர்களுக்கு முதல் ஓராண்டு குத்தகை முறையில்தான் காரைக் கொடுத்தார்கள். உடனே மறுவிற்பனை செய்து லாபம் பார்ப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

எண்ணிக்கையை மட்டும் குறைத்து விலையை ஏற்றும் எடிஷன்களும் உண்டு. ஆல்பைன் ஏ110 ஆர் காரில் ஃபெர்னாண்டோ அலோன்சோ பெயரில் 32 கார்கள், லெ மான் பெயரில் 100 கார்கள் வந்தன. எஞ்சின் அதே 300 குதிரைத்திறன். வண்ணமும் பேட்ஜும் வேறு, விலை வேறு. சேகரிப்பவருக்கு அது சரி. டிராக்கில் ஓட்ட நினைப்பவருக்கு அந்தக் காசு வீண்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கார் அரிதாக ஆக ஆக, உரிமையாளர் அதை ஓட்டப் பயப்படுகிறார். மீட்டரில் ஏறும் ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டரும் விலையைக் குறைக்குமே என்ற கவலை. டிராக்கில் ஒரு கல் பட்டால் பெயின்ட் போகும். ஓட்டுவதற்காகவே எடையைக் குறைத்த கார், துணி போர்த்தி கராஜில் நிற்கும். விலை ஏறும் என்று நம்பி வாங்கினால் முதலீடு, ஓட்ட ஆசைப்பட்டு வாங்கினால் கார். வாங்கும் முன்பே இதில் ஒன்றை முடிவு செய்துகொள்வது நல்லது.

ஷோரூமில் சொல்லாத செலவுகள்

முதலில் இன்சூரன்ஸ். பிரிட்டனில் சாதாரண கார் இன்சூரன்ஸ் பொதுவாக டிராக் டேயில் நடக்கும் விபத்தை ஏற்காது. அந்த நாளுக்கு மட்டும் தனி பாலிசி எடுக்க வேண்டும். அதிலும் சேதத்தில் முதல் பகுதியை உரிமையாளரே கட்ட வேண்டியிருக்கும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நாட்களில் சட்டப்படி சுங்கச் சாலைதான். அதை நம்பி "சாலைதானே, என் இன்சூரன்ஸ் செல்லும்" என்று போனால் ஆபத்து. பல நிறுவனங்கள் அந்த இடத்தைப் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கின்றன. அங்கே தடுப்பில் மோதினால், தடுப்பைச் சரிசெய்யும் செலவும் ஓட்டியவர் தலையில்தான்.

அடுத்தது, மோதினால் என்ன ஆகும் என்பது. லோட்டஸின் பசை போட்ட அலுமினிய சேஸிஸ் வளைந்தால் தட்டி நிமிர்த்த முடியாது. பெரும்பாலும் முழு சேஸிஸையே மாற்ற வேண்டும், அல்லது இன்சூரன்ஸ் நிறுவனம் 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடும். எலீஸின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒவ்வொன்றும் ஒரே பெரிய அச்சாக வருவதால், பார்க்கிங்கில் லேசாக இடித்தாலும் பெரிய பாகத்தை மொத்தமாகக் கழற்ற வேண்டிய வேலை வரலாம்.

மூன்றாவது சத்தம். பிரிட்டனில் பல டிராக்குகள் காலையிலேயே சைலன்சர் அருகில் மீட்டர் வைத்து அளக்கின்றன. 100 முதல் 105 டெசிபல் வரம்பு சகஜம். தாண்டினால் கட்டணம் போச்சு, காரை ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். அதனால் டைட்டானியம் சைலன்சர் உள்ள காரை வாங்கும் முன், வீட்டுக்கு அருகில் உள்ள டிராக்கின் வரம்பைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால்?

இப்போது எலீஸ், எக்ஸிஜ் வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்ட் ஒன்றுதான் வழி. டிராக்கில் ஓடிய கார் என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. ஒழுங்காக எண்ணெய் மாற்றி, பிரேக் திரவம் மாற்றி, பில் எல்லாம் வைத்திருக்கும் டிராக் கார், வருடக்கணக்கில் அசையாமல் நின்ற காரை விட நல்ல நிலையில் இருக்கலாம். நின்ற காரில் டயர் கெட்டியாகும், ரப்பர் சீல் காயும், பேட்டரி சாகும்.

காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. லோட்டஸில் சஸ்பென்ஷன் கைகள் சேஸிஸில் சேரும் இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே விரிசலோ வளைவோ இருந்தால் பேரமே பேச வேண்டாம். மேனுவல் கியர் போர்ஷே என்றால், எஞ்சின் கம்ப்யூட்டரில் 'ஓவர்-ரெவ்' பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். வேகத்தில் தவறான கியருக்கு மாறி எஞ்சின் வரம்பு மீறிச் சுழன்றிருந்தால் அந்தக் கணக்கு அதில் இருக்கும். விற்பவர் வாயால் சொல்லாததை கம்ப்யூட்டர் சொல்லிவிடும். லிமிடெட் எடிஷன் என்று சொல்லி விற்கும் காரில், எண் பொறித்த தகட்டை மட்டும் நம்பாமல் சேஸிஸ் எண்ணை நிறுவனத்திடம் கொடுத்து உறுதி செய்ய வேண்டும். விங்கும் பேட்ஜும் தனியாகக் கிடைக்கும் பொருட்கள்தான்.

லோட்டஸ் இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்தது 2023 நவம்பரில். 725 கிலோ எலீஸைச் செய்த நிறுவனம் இங்கே முதலில் கொண்டு வந்தது எலெட்ரே என்ற மின்சார எஸ்யூவி. ஆரம்ப விலை 2.55 கோடி ரூபாய், எடை சுமார் இரண்டரை டன்.